பூட்டி வரும் கணினியா, நாமே பூட்டுவதா?

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்களில் திருகோணமலையில் பல வீடுகளில் ஒரே பேச்சு அடிபடும். கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் மாமா பணம் அனுப்பச் சம்மதித்திருப்பார். பிள்ளைக்கு விளையாட ஒரு கணினி வேண்டும். தகப்பனிடம் சொல்லப் படிப்பு என்ற காரணமும் கைவசம் இருக்கும். பேச்சு சிக்குவது ஓர் இடத்தில்தான்: கம்பனி பூட்டி, பெட்டியில் அடைத்து வரும் கேமிங் கணினியை வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டுவதா?

இணையத்தில் தேடினால் "நீங்களே பூட்டுங்கள், மலிவு" என்ற பதில்தான் முதலில் வரும். அதை எழுதுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள். வாங்கிய பாகம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிப் பணத்தை மீளப் பெறும் வசதி அவர்களுக்கு உண்டு. நம் நாட்டில் விற்ற பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுப்பது அரிது. சோதித்துப் பார்ப்பார், பழுது உறுதியானால் திருத்தியோ மாற்றியோ தருவார். கணினிப் பாகங்களுக்குப் பெயர்போன பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா நம்மிடமிருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. எனவே விலையைக் கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருநாள் இரவு திரை கறுத்துப்போய் கணினி எழும்ப மறுத்தால், எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பது யாருடைய வேலை? பூட்டி வரும் கணினி என்றால் விற்றவருடைய வேலை. நாமே பூட்டியது என்றால் நம்முடைய வேலை. இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். விலை வேறுபாடு இதற்குப் பிறகே வருகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

கேமிங் கணினி என்பது எட்டுப் பாகங்களின் கூட்டு: கணக்குப் போடும் பிராசெசர், அதைக் குளிர்விக்கும் கூலர், எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்ட், ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்ட், மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, எல்லாம் அடங்கும் கேசிங். கிராபிக்ஸ் கார்டை நம் கடைகளில் வீ.ஜி.ஏ. என்றே சொல்வார்கள். விளையாட்டு எவ்வளவு சீராக ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்கே முதலிடம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதற்கே போவது வழமை. கார்டில் குறைத்துவிட்டு, பிராசெசரில் கொண்டுபோய்க் காசைக் கொட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் காரியம்.

வாங்கும் வழிகள் இரண்டு என்று பேச்சுக்குச் சொன்னாலும் நடைமுறையில் மூன்று. முதலாவது, பன்னாட்டுக் கம்பனிகள் பூட்டி முத்திரை குத்தி அனுப்பும் பிராண்ட் பெட்டி. இரண்டாவது, பாகங்களை நாம் தெரிவுசெய்ய, கடைக்காரர் பூட்டிச் சோதித்துத் தருவது. மூன்றாவது, பாகங்களை வாங்கிவந்து வீட்டில் நாமே பூட்டுவது. வெளிநாட்டுக் கட்டுரைகள் நடுவழியைக் கண்டுகொள்வதில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலாகப் புழங்குவது அதுதான்.

பிராண்ட் பெட்டியில் முன்பக்கம் ஒட்டியிருக்கும் விவரத்தில் பிராசெசர் பெயரும் வீ.ஜி.ஏ. பெயரும் பெரிதாக இருக்கும். பார்வைக்குத் தெரியாத இடங்களில்தான் கம்பனி காசை மிச்சம் பிடிக்கும். 16 ஜி.பி. ரேம் என்று போட்டிருப்பார்கள். திறந்தால் ஒற்றைத் துண்டாக இருக்கும். 8 ஜி.பி. துண்டு இரண்டு போட்டால் பிராசெசருக்கும் ரேமுக்கும் இடையில் இரண்டு பாதை கிடைக்கும், பல விளையாட்டுகள் அதனால் வேகம் கூடி ஓடும். ஒற்றைத் துண்டில் ஒரு பாதைதான். மதர்போர்ட் ஆகக் கீழ்த் தரத்தில் இருக்கும். சில பெரிய கம்பனிகளின் பெட்டிகளில் மதர்போர்ட்டும் பவர் சப்ளையும் பொது அளவில் இருப்பதே இல்லை. இன்டெல் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். என்ற அளவைத்தான் உலகம் முழுவதும் பாகம் செய்பவர்கள் பின்பற்றுகிறார்கள். அதற்கு வெளியே போன பெட்டியின் பவர் சப்ளை மூன்றாம் வருடம் எரிந்தால், அதே கம்பனியின் அதே மாடலைத் தேடித் திரிய வேண்டும். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருப்பவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

பவர் சப்ளையில் இன்னொரு பொறி உண்டு, அது கடைப் பூட்டலில் வருவது. "தம்பி, கேசிங்கோடு 600 வாட் பவர் சப்ளையும் வருகிறது, உங்களுக்கு அதுவே காணும்" என்பார் கடைக்காரர். "அண்ணா, அதன் மாடல் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத பவர் சப்ளையில் எழுதியிருக்கும் 600 வெறும் எழுத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கணக்கைப் பார்த்தால் பலருக்கு 600 தேவையும் இல்லை. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்ட் 115 வாட் இழுக்கும். ஏ.எம்.டி. கம்பனியின் ரைசன் 5 5600, 7600 போன்ற பிராசெசர் நூறு வாட்டுக்குள் அடங்கும். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட் தாண்டாது. நல்ல பெயருள்ள 550 வாட் பவர் சப்ளை அதற்குத் தாராளம். "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களின் உறுதிக்கு அது சான்றிதழ் இல்லை.

விலை என்ற வழுக்கு நிலம்

நாமே பூட்டினால் மலிவு என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 2021இல், கார்டுகளை இரவு பகலாகக் கணக்குப் போடவிட்டு மின்பணம் (கிரிப்டோ) சம்பாதிக்கும் அகழ்வுக்காரர்கள் வீ.ஜி.ஏ. கார்டுகளை வாங்கிக் குவித்தபோது, கார்ட் தனியாகக் கிடைக்காமல் பலர் அந்தக் கார்டுக்காகவே முழுப் பெட்டியை வாங்கினார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய்ப் பக்கம் போனது. அந்த வாரங்களில் எந்தக் கடையும் காலையில் சொன்ன விலையை மாலையில் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. 2025 இறுதியில் இருந்து ரேம் விலை உலகம் முழுவதும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதே காரணம். அந்தச் சில்லுகளைச் செய்யும் மைக்ரோன் நிறுவனம் அந்த டிசம்பரில், வீட்டுப் பாவனையாளருக்கு விற்றுவந்த குரூஷியல் என்ற தன் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது.

இப்படி ஒரு பாகத்தின் விலை திடீரென்று ஏறும் காலத்தில், பழைய விலைக்குக் கொள்வனவு செய்து வைத்திருக்கும் பிராண்ட் பெட்டி, தனித்தனிப் பாகங்களின் கூட்டுத்தொகையை விட மலிவாக வந்துவிடும். ஆகவே ஒரே நாளில் இரண்டு விலையும் கேளுங்கள். பிராண்ட் பெட்டியில் உள்ள அதே தரப் பாகங்களைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். விண்டோஸ் உரிமத்தின் விலையைச் சேர்க்க மறக்க வேண்டாம். பத்து வீத வேறுபாட்டுக்குள் இருந்தால் விலையைக் காரணமாக வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

பற்றுச்சீட்டின் அடிப்பகுதி

கணினிக் கடைப் பற்றுச்சீட்டில் மேலே உள்ள தொகையை எல்லோரும் இரண்டு தரம் பார்ப்பார்கள். கீழே உள்ள சின்ன எழுத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஓராண்டு வாரண்டி என்றால் 350 நாள் என்று பல கடைகள் அங்கே அச்சிட்டிருக்கும். எரிந்த தடம், கீறல், உடைவு, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றும் இருக்கும். அந்த வரிசையில் துருவையும் சேர்த்திருப்பார்கள். கண்டியில் இருப்பவருக்கு அது பெரிய விடயம் இல்லை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர் வாங்கும் முன்பே கடைக்காரரிடம் பேசித் தெளிவுபடுத்த வேண்டிய நிபந்தனை அது.

பூட்டி வரும் பெட்டிக்கு வாரண்டி முழுப் பெட்டிக்கும் சேர்த்து ஒன்று. பழுதானால் பெட்டியையே அனுப்ப வேண்டும். எந்தப் பாகம் என்று நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம். நாமே பூட்டினால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, தனிக் காலம். ரேம் துண்டு பழுதென்றால் சின்னப் பொதியில் அதை மட்டும் அனுப்பினால் போதும், மற்றவை வீட்டிலேயே இருக்கும். இது பெரிய வசதிதான். ஆனால் ரேம்தான் பழுது என்று எப்படித் தெரியும்? திருத்துநரின் மேசையில் மாற்றிப் போட்டுப் பார்க்க நான்கு ரேம், இரண்டு பவர் சப்ளை கிடக்கும். நம் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இதற்கு வாங்கும்போதே செய்யக்கூடிய ஏற்பாடு இரண்டு உண்டு. விளம்பரங்களில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இராது. முதலாவது, திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கும் பிராசெசரைத் தெரிவுசெய்வது. ரைசன் 5 5600இல் அது இல்லை. 5600ஜியிலும் 7600இலும் இருக்கிறது. இன்டெல் பிராசெசர்களில் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி இல்லை என்று பொருள். உள்வசதி இருந்தால், திரை கறுக்கும் நாளில் வீ.ஜி.ஏ. கார்டைக் கழற்றிவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போர்ட்டில் செருகிப் பார்க்கலாம். படம் வந்தால் சந்தேகம் கார்ட் மேல். கார்ட் கொழும்புக்குப் போய்த் திரும்பும் வாரங்களில் விளையாட்டுத்தான் நிற்கும்; படிப்பு, வங்கி வேலை, வெளிநாட்டுக்காரருடன் வீடியோவில் பேசுவது எல்லாம் நடக்கும்.

இரண்டாவது, பழுது காட்டும் விளக்குகள் உள்ள மதர்போர்ட். போர்ட்டின் ஓரத்தில் நான்கு பொட்டு விளக்குகள் இருக்கும்: பிராசெசர், ரேம், வீ.ஜி.ஏ., எஸ்.எஸ்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கணினி எழும்பும்போது வரிசையாக மின்னி அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பழுது தேடும் வேலையில் பாதி குறைந்துவிடும். நாமே பூட்டுவதற்கு எதிராக நான் சொல்லும் பெரிய காரணமும் அதோடு பலமிழந்துபோகும்.

பூட்டும் வேலை உண்மையில் எவ்வளவு கடினம்

பலர் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவரும் ஒரு பின்னேரமும் போதும். சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளை இதையும் பூட்டும்.

கைக்கு நடுக்கம் தருவது பிராசெசரை வைக்கும் இடம்தான். அதன் ஒரு மூலையில் பொன்னிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். மதர்போர்ட்டில் அது உட்காரும் இடமான சொக்கற்றிலும் அதே முக்கோணம் இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வரும்படி பிடித்து, நெம்புகோலைத் தூக்கி, மேலிருந்து விடுவது போல வைக்க வேண்டும். தன் பாரத்திலேயே உட்காரும். அழுத்தவே கூடாது. உட்காரவில்லை என்றால் திசை பிழை, எடுத்துத் திரும்ப வையுங்கள். ஏ.எம்.டி.யின் பழைய சொக்கற்றான ஏ.எம்.4 வகையில் ஊசிகள் பிராசெசரின் அடியில் இருக்கும், புதிய ஏ.எம்.5இலும் இன்டெலிலும் அவை சொக்கற்றுக்குள் இருக்கும். எதுவானாலும் வளைந்த ஊசிக்கு எந்தக் கடையும் வாரண்டி தராது. ரேம் அதற்கு நேர் எதிர்: "டக்" என்ற சத்தம் கேட்கும்வரை தைரியமாக அழுத்த வேண்டும். இரண்டு துண்டு என்றால் பெரும்பாலான போர்ட்களில் பிராசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போட வேண்டும்.

பூட்டி முடித்த கணினி எழும்பவில்லை என்றால் பதற வேண்டாம். மதர்போர்ட்டின் மேல் இடது மூலையில் பிராசெசருக்கான எட்டு முனை மின்வயர் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேசிங்கின் இடுக்கில் மறைந்திருப்பதால் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

நிலைமின்சாரம் பற்றி வெளிநாட்டுக் காணொளிகள் பெரிதாகப் பயமுறுத்தும். குளிரில் காய்ந்த காற்றுள்ள நாடுகளில் அது நியாயம். நம் ஈரக்காற்றில் அந்த ஆபத்து குறைவு. தொடங்கும் முன் கேசிங்கின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொண்டால் போதும். கச்சான் அடிக்கும் யூன், யூலையில் நெற்றியில் இருந்து மதர்போர்ட்டில் விழும் வியர்வைத் துளி அதைவிடப் பெரிய எதிரி. விடியற்காலையில் பூட்டுங்கள்.

வெக்கை, உப்பு, மின்சாரம்

காணொளிகளில் ஒரு கார்ட் 65 பாகை சூட்டில் ஓடுகிறது என்று காட்டினால், அது குளிரூட்டிய அறையில் எடுத்த அளவு. அறை 22 பாகையில் இருக்கும்போது 65 என்றால், 34 பாகை அறையில் அதே கார்ட் 77க்குப் போகும். கார்டுகள் ஒரு வரம்பைத் தாண்டினால் தங்களைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் பார்க்க அழகுதான். காற்று எந்த வழியால் உள்ளே போகும் என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. முன்பக்கம் வலை, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. இதைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் பிராண்ட் பெட்டியில் இல்லை. அங்கே பெரும்பாலும் ஒடுங்கிய பெட்டியும் ஒற்றை விசிறியும்தான்.

உப்புக்காற்றுக்கு முழுத் தீர்வு கிடையாது. யன்னலோரம் வைக்காதீர்கள். மாரியில் பல நாள் பாவிக்காமல் விடாதீர்கள். ஓடும் கணினியின் சூடு ஈரத்தை விரட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து தூசி தட்ட வேண்டும். ஆகவே, திறந்தால் வாரண்டி போகும் என்று கேசிங்கில் கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரண்டி ஸ்டிக்கர் பாகங்களில் இருக்கட்டும், கதவில் வேண்டாம். பல்லியும் எறும்பும் பவர் சப்ளைக்குள் குடிபுகுவதும் இந்த ஊரில் உண்டு.

கேசிங்கைத் தொட்டால் கையில் சுர்ரென்றால் கணினி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் வீட்டில் எர்த் வயர் சரியில்லை. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடப்டரில் செருகி ஓட்டும் பழைய வீடுகளில் இது சாதாரணம். லட்சக்கணக்கில் செலவழித்து கணினி வாங்கும் முன் மின் வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

யூ.பி.எஸ். வாங்கும்போது 650 வீ.ஏ. என்பதை 650 வாட் என்று கொள்ளாதீர்கள். அந்த அளவுப் பெட்டி உண்மையில் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். மேலே சொன்ன 4060 கணினிக்கும் மொனிட்டருக்கும் அது காணும். 200 வாட் இழுக்கும் கார்ட் போட்டால் எல்லையைத் தொட்டுவிடும். கிடைப்பது சில நிமிடங்கள்தான், சேமித்துவிட்டு அணைப்பதற்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதே, அந்த மாதிரி நேரத்துக்கு அது போதும். மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரில் இருந்து வரும் வயரையும் சேர்த்து.

மாமா கொண்டுவரும் கார்ட்

வெளிநாட்டில் இருந்து வருபவரின் பயணப்பெட்டியில் வீ.ஜி.ஏ. வருவது சாதாரணம். விலை குறைவாக இருக்கலாம், ஆனால் அந்த வாரண்டியை இங்குள்ள முகவர் ஏற்பாரா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கனடாவில் இருந்து முழுக் கணினியே வந்தால் பவர் சப்ளையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230க்குத் தள்ளிய பிறகே செருக வேண்டும். தள்ளாமல் செருகினால் வெடிச்சத்தம் கேட்கும். சுவிட்ச் இல்லாமல் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை.

பழைய கார்ட் வாங்குவதில் கவனம் தேவை. எதீரியம் என்ற மின்பணம் 2022 செப்டம்பரில் அகழ்வு முறையைக் கைவிட்டதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன, இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கண்முன் அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

எதை யார் வாங்குவது

முதல் முறை வாங்கும் திருமலைக்காரருக்கு நான் சொல்வது நடுவழி. பாகங்களை நீங்கள் தெரிவுசெய்யுங்கள், கடை பூட்டிச் சோதிக்கட்டும், ஒவ்வொரு பாகத்தின் மாடலும் தொடரிலக்கமும் பற்றுச்சீட்டில் வரட்டும். நகரிலேயே நம்பகமான கடை அமைந்தால், கொழும்பை விடப் பத்துப் பதினைந்தாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். அந்தக் காசு முதல் பழுதிலேயே திரும்பி வரும். கழற்றிப் பார்க்கும் ஆசை கையில் இருப்பவரும், மாற்றிச் சோதிக்க ஒரு கூட்டாளியின் கணினி பக்கத்தில் இருப்பவரும் தாராளமாகத் தாங்களே பூட்டலாம். பிராண்ட் பெட்டி, வீட்டில் ஒருவருக்கும் இதில் நாட்டமில்லாதபோதும் விலை உண்மையாகவே இறங்கி இருக்கும்போதும் நல்ல தெரிவு. பேராதனைக்கோ வந்தாறுமூலைக்கோ பல்கலைக்கழக விடுதிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு இவை ஒன்றும் வேண்டாம், மடிக்கணினி வாங்கிக்கொடுங்கள்.

கொழும்பில் பூட்டி லொறியில் அனுப்புவதாக இருந்தால் வீ.ஜி.ஏ. கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கிலோ வரை நிறையுள்ள கார்ட், வழியெல்லாம் குலுங்கிக்கொண்டு வந்தால் மதர்போர்ட்டின் துளையையே பிய்த்துவிடும். உள்ளே பஞ்சு அடைத்து அனுப்பியிருந்தால், அதை எடுத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

கணினி வந்த முதல் நாள் மூன்று விடயங்களைப் பாருங்கள். மொனிட்டர் வயர் மதர்போர்ட்டில் செருகியிருந்தால் கழற்றிக் கீழே உள்ள வீ.ஜி.ஏ. கார்டில் செருகுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்த கார்ட் சும்மா கிடக்கும். விண்டோஸ் திரை அமைப்பில், நொடிக்கு 144 தடவை படம் மாற்றக்கூடிய 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் 60இல் நிற்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் நுழைந்து, ரேமை அதன் உரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். கடையில் பூட்டிய கணினியானாலும் இந்த மூன்றாவதைப் பலர் செய்யாமலே கொடுத்துவிடுகிறார்கள்.